கண்ணாடி பார்த்தாயா

எடுக்கவில்லை. இன்டர்காமில் வீட்டு எண் பதினான்கை அழுத்தினால் மேலே நாலாம் மாடியில் மணியடிப்பது கீழே இந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் கேட்கும், பீப் பீப் என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டுத் தானாகவே அலுத்து நின்றுவிடும், நின்றுவிட்டது, அம்மா எடுக்கவில்லை. பாத்ரூமில் இருப்பாள் என்று தமாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, முட்டி இரண்டும் போய்விட்டது, நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து ரிசீவரை எடுக்க நேரமாகும்தானே, பொறு. பொறுத்தாள். கையில் ரொட்டியும் புளித்த பாலேட்டு டப்பாவும் இருந்த பை. தலைக்கு மேலே கூரை விளிம்பில் ஆள் உயரத்துக்கு ஐஸ் குச்சிகள் தொங்கின. மார்ச் மாத வெயிலில் சொட்டுச் சொட்டாய் உருகிக்கொண்டிருந்தன. இந்த வோல்காக் கரை ஊரில் வசந்தம் வருகிறது என்றால் முதலில் மனிதர் தலைமேல் ஐஸ் விழும், பிறகுதான் பூப்பூக்கும். நகராட்சிக்காரர்கள் அதற்குச் செய்த ஏற்பாடு, வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு வெள்ளை ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனது. ரிப்பனைக் குனிந்து தாண்டாமல் யாரும் வீட்டுக்குள் போக முடியாது, ஆகவே எல்லாரும் குனிந்து தாண்டுகிறார்கள், தலைமேல் விழ இருந்தது அவர்கள் குனிந்த நேரமாய்ப் பார்த்து முதுகின்மேல் விழும். வந்த அன்று இதைப் பார்த்து அவள் பொள்ளாச்சிக்கு வீடியோவில் காட்டிச் சிரித்தாள். புருஷன் அர்ச்சுனன், “நம்மூர்ல தண்ணி டேங்க் இடியற மாதிரி இருந்தா ஒரு முள்ளுக் கிளையை வெப்பாங்கல்லோ, அதேதான்” என்றான். இப்போது சிரிப்பு வரவில்லை. மறுபடி பதினான்கை அழுத்தினாள்.

சாவி ஏன் இல்லை என்றால், அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடு, ஆனால் பூட்டு மாற்றி வருஷங்களாகிவிட்டன. “நான்தான் வீட்லயே கெடக்கறேன், உனக்கு எதுக்குச் சாவி” என்பது அம்மாவின் கட்சி. மாற்றுச் சாவி கீழ்த்தளத்து ரிம்மாவிடம் இருக்கிறது, ரிம்மா காலையிலேயே நல்ல தொப்பியாய்ப் போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு கிளினிக்குக்குப் போனதை இவளே பார்த்தாள். அங்கே வரிசையில் கடைசி ஆள் யார் என்று கேட்டு, அந்தக் கடைசி ஆளோடு வம்பளந்து, தன் முறை வந்தபிறகும் பேச்சு முடியாமல் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுக்கிற ஆள் ரிம்மா. மத்தியானத்துக்கு முன்னால் வரமாட்டாள். போனோ மேலே சமையலறையில் சார்ஜில் கிடக்கிறது. பர்ஸை எடுக்கத் திரும்பிப் போனவள் போனையும் எடுத்திருக்கலாம். திரும்பிப் போனவள். அதை நினைக்காதே, இப்போது அதை நினைக்கக் கூடாது, ரொட்டியை நினை. இந்த ஊரில் முழு ரொட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தவர் யாரும் கிடையாது. வழியிலேயே முனையைப் பிய்த்துத் தின்றுவிடுவார்கள், அப்பாவும் தின்பார், எலி கடித்தது என்று அம்மாவிடம் பொய் சொல்வார். இன்று இவள் தொடவில்லை. கடைக்காரி வேறு காலையிலேயே திட்டிவிட்டாள். பை வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு இவள் பொள்ளாச்சி வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், அங்கே அதற்குச் சரி என்று அர்த்தம். “வேணுமா வேண்டாமா, வாயைத் தொறந்து சொல்லு பொம்பளே” என்றாள் கடைக்காரி. இவள் அதற்கும் சிரித்தாள், அது அடுத்த தப்பு, இங்கே காரணமில்லாமல் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தால் புத்தி சுவாதீனம் இல்லை என்று நினைப்பார்கள். பின்னால் நின்ற ஆள் ஓரடி தள்ளியே நின்றான்.

அம்மா பேசுவதெல்லாம்கூடத் தலைக்குள் போகும்போது கொங்குத் தமிழாகத்தான் போய் விழுகிறது, என்ன செய்ய, பாதி ஆயுசு அங்கே கழிந்துவிட்டது. இங்கே காலேஜில் படிக்க வந்த அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டு போனவள். தமாரா என்ற பெயரை மாமியார் முதல் வாரமே தாமரை ஆக்கிவிட்டாள். இன்று ரேஷன் கார்டு முதல் கோயில் அர்ச்சனை வரைக்கும் தாமரைதான். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் வேடிக்கை பார்த்தபடியே இருந்தாள், ஊருக்கு வந்த சுற்றுலாக்காரி மாதிரி. பால்கனியே ஃபிரிட்ஜ், அங்கே ஒரு முட்டைக்கோஸும் ஒரு கோழியும் பனியில் உறைந்து கிடக்கின்றன, வீட்டுக்குள் இருக்கிற நிஜ ஃபிரிட்ஜில் அம்மா மருந்து வைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் பைகளைப் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் பை, அந்தப் பையைப் போட்டுவைக்க இன்னொன்று, அது மட்டும் அப்படியே பொள்ளாச்சி. சமையலறை ஜன்னல் விளிம்பெல்லாம் தயிர்க் கப்புகளில் தக்காளி நாற்று. காலையில் எழுந்ததும் மகளுக்கு வணக்கம் சொல்லுமுன் நாற்றுக்குச் சொல்கிறாள் அம்மா. “இதுக நேத்தைக்கு விட நல்லா நிக்குது, நீதான் இளைச்சுப் போனே.” இளைக்கவில்லை, நல்ல எடைதான், ஆனால் அம்மாக்களுக்கு எந்தத் தேசத்திலும் தராசு கிடையாது. வாசலில் அப்பாவின் தடித்த கம்பளிச் செருப்பு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அம்மா தினமும் அதைத் தூசி தட்டித் திரும்ப வைக்கிறாள், யாரும் போடுவதில்லை. அந்தச் செருப்புக்கு மேலே, சுவரில், கண்ணாடி.

சரி, நினைத்தாகிவிட்டது. கண்ணாடி. இந்த ஊர் வழக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும், வெளியே கிளம்பியவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால், மறுபடி கிளம்புமுன் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும், நாக்கை நீட்டிக்காட்டினால் இன்னும் விசேஷம். பார்க்காமல் போனால் போன காரியம் கெடும், இல்லையென்றால் வீட்டில் இருப்பவருக்கு ஏதாவது ஆகும். பொள்ளாச்சியிலும் கிளம்பியவர் திரும்பி வரக்கூடாது. அங்கே பரிகாரம் வேறு, உள்ளே வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். இத்தனை வருஷம் மாமியார் இவளைப் பிடித்து உட்கார்த்தி உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்ததில் அது உடம்பிலேயே ஊறிவிட்டது. இன்று காலை பாதிப் படி இறங்கியவளுக்குப் பர்ஸ் ஞாபகம் வந்தது, திரும்பி ஏறினாள், பூட்ஸைக் கழற்றினாள், சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள், எல்லாம் முறைப்படி செய்துவிட்ட திருப்தியோடு எழுந்து, கண்ணாடி இருந்த பக்கம் திரும்பாமல், பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல், “கண்ணாடி பாத்தியா கண்ணு?” படியில் நின்றபடி இவள் சொன்னாள், “பாத்தேம்மா.” பொய். பூட்ஸைத் திரும்பக் கழற்றச் சோம்பல்பட்டுச் சொன்ன பொய். ஒரு பெரிய பாவமா அது? கடவுள் இல்லை என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட சோவியத் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இவள். சகுனம் பார்ப்பது அறியாமை என்று சிவப்புத் துணி கழுத்தில் கட்டிக்கொண்டு மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். அதெல்லாம் சரி. விரல் ஏன் மறுபடி மறுபடி அந்தப் பொத்தானுக்கே போகிறது?

பதினான்கு. பீப், பீப். அம்மா எடு. நின்றுவிட்டது. அடுப்பில் பீட்ரூட் சூப்பு ஏற்றியிருந்தாள், கேஸ் எரிந்துகொண்டிருந்தது, இவள் தண்ணீர் குடிக்கும்போது கொதிக்க ஆரம்பித்திருந்தது. பொங்கி அடுப்பு அணைந்திருந்தால்? கேஸ் பரவி, அம்மாவுக்கு மூக்கு முன்னே மாதிரி இல்லை, பாலேடு கெட்டதுகூடத் தெரியாமல் நேற்று ஊற்றிக்கொண்டாள், அதனால்தானே இன்று புதிதாய் வாங்கப் போனது. குளிர்காலத்தில் சமையலறையில் விழுந்தாள் என்று ரிம்மா போன் செய்த பிறகுதானே இவள் அடித்துப் பிடித்து வந்ததே. விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தாளாம், நாற்றுக் கப்பை மட்டும் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மண் சிந்தாமல். அதைச் சொல்லி ரிம்மாவும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. ஓடிப்போய் ரிப்பனுக்கு வெளியே நின்று நாலாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள், கப்புகள் வரிசையாய்த் தெரிந்தன, பின்னால் யாரும் இல்லை. “அம்மா!” என்று கத்தினாள். எதிர்வீட்டுக் கீழ்ஜன்னலில் ஒரு சாம்பல் நிறப் பூனை கண்ணை மூடித் திறந்தது. பூனை குறுக்கே போனால் அங்கேயும் ஆகாது, இங்கேயும் ஆகாது, அந்த ஒன்றில் மட்டும் இரண்டு தேசமும் ஒற்றுமை. மற்றதெல்லாம் தனித்தனி. அங்கே பல்லி, தும்மல், ஒற்றைப் பிராமணர். இங்கே சிந்திய உப்பு, காலி வாளி, மேஜை மேல் காலி பாட்டில், வீட்டுக்குள் விசில். ஊர்விட்டு ஊர் போய் வாழ்ந்ததில் அவள் சம்பாதித்தது என்ன என்று கேட்டால் இதுதான், இரண்டு ஊர்ச் சகுனமும் ஒருத்தி தலையில், ஒன்றுக்குப் பயந்து ஒதுங்கினால் மற்றொன்றின்மேல் இடித்துக்கொள்கிறாள்.

வேறு வீட்டை அழுத்து. யாராவது வாசலைத் திறந்துவிடட்டும், மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம், உடைக்கலாம். பன்னிரண்டை அழுத்தினாள், பதிலில்லை. ஒன்பதில் ஒரு ஆணின் தூக்கக் குரல், “யாரு?” வாய் திறந்தது. “நானுங்க, தாமரைங்க, அம்மா கதவைத் தொறக்கலீங்க, ஐயோ கொஞ்சம் வாசலைத் தொறந்து உடுங்க!” என்றாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அத்தனையும் தமிழ். “ஒண்ணும் வேண்டாம், நாங்க எதுவும் வாங்கறதில்லே” என்று சொல்லி அந்த ஆள் வைத்துவிட்டான். திரும்ப ஒன்பதை அழுத்தினால் எடுக்கவே மாட்டான், எடுக்கவில்லை. ரஷ்ய வார்த்தைகளைத் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை, பிறந்த பாஷை வாயிலிருந்து இறங்கி எங்கோ போய்விட்டது, பயந்தால் வருவது ஐயோ மட்டும்தான். நாளைக் காலை ரயில், அப்புறம் விமானம். நாளைக் காலைக்குள் எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று எத்தனை கவனமாய் இருந்தாள். போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று.

போன தடவை. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை, அர்ச்சுனனிடம்கூட. போன தடவை ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டார், டாக்ஸி வந்துவிட்டது. இவளும் இறங்கினாள், மூக்குக்கண்ணாடி இல்லை, திரும்ப ஏறினாள், எடுத்தாள், உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள், ஓடினாள். சுவர்க் கண்ணாடியைப் பார்க்கவில்லை. டாக்ஸியில் பாதி வழியில் ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டாள், நான் பொள்ளாச்சிக்காரி ஆகிவிட்டேன் பாரேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்த வருஷம் முடியுமுன் அப்பா போய்விட்டார். வந்து சேர முடியவில்லை, அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள், ரிம்மா கையில் போன் ஆடிக்கொண்டே இருந்தது, ஒரு சமயம் வீட்டுக்குள் அதே வாசல், அதே செருப்பு, மேலே கண்ணாடிக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். சாவு வீட்டில் அது வழக்கம், எல்லா வீட்டிலும் போர்த்துவார்கள். ஆனால் பொள்ளாச்சியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பார்க்கவேண்டியபோது பார்க்கவில்லையல்லவா, இனிமேல் நீயே கேட்டாலும் பார்க்க முடியாது. பைத்தியக்காரத்தனம் என்று அறிவு சொல்லும். எழுபத்தெட்டு வயது, புகைபிடித்த நெஞ்சு, டாக்டர் சொல்லிவைத்திருந்த சாவு என்றெல்லாம் அறிவு சொல்லும். அறிவு பகலில் நன்றாகத்தான் பேசும். இது பகல்தானே, வெயில் அடிக்கிறது, ஐஸ் சொட்டுகிறது, ஏன் இப்போது பேசமாட்டேன் என்கிறது? தெரிந்தே, ஒருமுறை பட்ட பிறகும், பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு. அம்மா, சமையலறையில் விழாதே. விழுந்தால் கப்பைப் போட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொள். இரும்புக் கதவைக் கையால் அறைந்தாள், கையுறைக்குள் கை வலித்தது, பை நழுவிக் கீழே விழுந்தது, மேலேயிருந்து ஒரு ஐஸ் குச்சி பிய்ந்து ரிப்பனுக்கு அந்தப் பக்கம் விழுந்து நொறுங்கியது, அவள் அலறிவிட்டாள்.

“அங்கெயே நின்னுட்டு என்ன கத்தறே? தலையில வுழுகோணும்னு வேண்டுதலா?”

குரல் மேலேயிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. தமாரா திரும்பினாள். மணல் தூவிய பெரிய ரோட்டுப் பக்கமிருந்து, வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒரு தடித்த உருவம் வந்துகொண்டிருந்தது. வீட்டு நைட்டிமேல் கோட்டு, பித்தான் ஏறுமாறாய்ப் போட்டிருந்தது, தலையில் சால்வை, காலில் அப்பாவின் கம்பளிச் செருப்பு. வீங்கிய காலுக்கு வேறு எதுவும் நுழைந்திருக்காது. நவம்பரிலிருந்து படியிறங்காத அம்மா, வாலன்டினா ஸ்டெபானோவ்னா, நாலு மாடி இறங்கி, கடை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறாள். இவள் சின்ன வயசுப் பழக்கத்தில் கொட்டகைகளுக்குப் பின்னால் குறுக்கு வழியில் போய்வந்திருக்கிறாள், அம்மா ரோட்டு வழியில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல். இவள் ஓடிப்போய்ப் பிடித்தாள், இறுக்கிப் பிடித்தாள், கோட்டுக்குள் அம்மா உயிரோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், மேலெல்லாம் பீட்ரூட் வாசம்.

“அம்மா, எதுக்கம்மா எறங்குனே? சூப்பு, கேஸு…”

“கேஸ அணைச்சுட்டேன். நீ கையை உடு.” அம்மா கோட்டுப் பையைத் துழாவினாள். பவுடர் டப்பாவின் வட்டக் கண்ணாடி ஒன்று வெளியே வந்தது, மூலையில் விரிசல் விட்டது, இவள் பள்ளிக்கூட நாளில் திருடித் திருடிப் பவுடர் பூசிய டப்பா. அதை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாரு.”

“அம்மா…”

“முதல்ல பாரு. பாத்தேன்னு பொய் சொன்னியல்லோ. பூட்ஸ் சத்தம் கண்ணாடிப் பக்கமே வரலே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

பார்த்தாள். சிவந்த மூக்கு, ஒழுகும் கண், ஒரு பக்கமாய்ப் போன தொப்பி. கண்ணாடி ஆடிக்கொண்டிருந்ததால் முகமும் ஆடியது. “நாக்க நீட்டு” என்றாள் அம்மா. நீட்டினாள். எதிர்வீட்டுப் பூனை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது, கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டாள், வேலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“போன தடவையும் நீ பாக்கலே.”

தமாரா குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் பாத்துட்டுத்தான் நின்னேன். கூப்பிட்டுச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். உங்கப்பன் கீழ குளிர்ல பொட்டியோட நிக்கறானேன்னு உட்டுட்டேன். ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். அவன் போனப்பறம் அந்தக் கண்ணாடிக்கு நான்தான் துணி போத்துனேன், போத்தறப்ப எனக்கு… செரி, உடு.”

இத்தனை வருஷம் இவள் தனியாகச் சுமந்ததாய் நினைத்ததை அம்மாவும் இந்தப் பக்கம் சுமந்திருக்கிறாள், தினமும் அந்தச் செருப்பைத் தூசி தட்டிக்கொண்டே. ரஷ்ய மொழி இதற்குள் முழுசாய்த் திரும்பி வந்திருந்தது. “நான் சும்மா போகலேம்மா. தண்ணி குடிச்சேன்” என்றாள். “அப்பவும் குடிச்சேன், இன்னிக்கும் குடிச்சேன். உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போனா அங்கெ எங்களுக்குக் கண்ணாடி பாத்த மாதிரி.”

அம்மா நிமிர்ந்தாள். “எல்லாருமா?”

“எல்லாருமே. அங்கெ யாருமே கண்ணாடி பாக்கறதில்லே.”

“அத்தனை சனமும் வெறும் தண்ணியக் குடிச்சுட்டுப் போயிட்டுத் திரும்பி வருதா?”

“வருதும்மா.”

அம்மா யோசித்தாள். சால்வைக்குள் அந்த முகம் கணக்குப் போடுவது தெரிந்தது, நாற்று பிழைக்குமா பிழைக்காதா என்று பார்க்கிற அதே முகம். “அப்ப உங்கப்பன் போனது அதுனால இல்லே” என்றாள் மெதுவாக. பிறகு இன்னொருமுறை, தனக்காக, “அதுனால இல்லே.” தமாரா ஓவென்று அழுதாள், நடுவாசலில், யாரைப் பற்றியும் கவலைப்படாமல். அம்மா கொஞ்ச நேரம் அழவிட்டுவிட்டு, “செரி, மேல போலாம், காலு மரத்துப்போச்சு” என்றாள். “சாவி?” என்றாள் தமாரா. அம்மா கோட்டின் வலது பையைப் பார்த்தாள், இடது பையைப் பார்த்தாள், நைட்டிப் பையைப் பார்த்தாள். கேஸை அணைத்திருக்கிறாள், கண்ணாடியை எடுத்திருக்கிறாள், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்தியும் இருக்கிறாள்.

ரிம்மா வரும்வரை வாசல் பெஞ்சில் உட்காருவதைத் தவிர வழியில்லை. ஐஸ் விழாத பக்கமாய்ப் பார்த்து உட்கார்ந்தார்கள். தமாரா தன் பூட்ஸைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டப் பார்த்தாள், நுழையவில்லை. ஆகவே தன் கழுத்துத் துணியை அவிழ்த்துச் செருப்போடு சேர்த்து அந்த வீங்கிய காலைச் சுற்றினாள். அம்மா விழுந்த பையை எடுத்து ரொட்டியை வெளியே எடுத்தாள், முழுசாய் இருப்பதைப் பார்த்து மகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒருமுறை பார்த்தாள், முனையைப் பிய்த்துப் பாதி கொடுத்தாள். “நாளைக்கு ரெண்டையும் பண்ணு” என்றாள் மென்றுகொண்டே. “நீ மறக்கறவளோ இல்லையோ, வேணும்னே ஒருக்காத் திரும்பி வா. வந்து உக்காந்து தண்ணி குடி, கண்ணாடியும் பாரு. வேற ஏதாச்சும் ஊர்ல வேற ஏதாச்சும் இருந்தா அதையும் பண்ணு. பூட்ஸைக் கழட்டாண்டாம், அழுக்கானா ஆகட்டும், நான் தொடைச்சுக்கறேன். எனக்கு நீ திரும்பி வரோணும்.”

வர்றேன் என்று தமாரா சொல்ல வாயெடுத்தாள். ரொட்டி புரையேறிவிட்டது. அம்மா அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், பிறகு இருவரும் ரிம்மா வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.